கீழே கிடந்த குருவியும் குழுவில் இருக்கும் முந்நூறு பேரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவரும் இல்லை, வனத்துறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைனாகுலரோடு பள்ளிக்கரணைப் பக்கம் திரிகிற ஆள், அவ்வளவுதான். அந்த ஒரு தகுதியை வைத்து, வாட்ஸ்அப்பில் அடுக்குமாடிக் குழு, தெருக் குழு, பழைய மாணவர் குழு என்று எங்கே யார் பறவையைக் கண்டெடுத்தாலும் என்னைக் கோத்துவிடுகிறார்கள். பறவை மாறுகிறது, கேள்விகள் மாறுவதில்லை. எனவே மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். இனி இணைப்பை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கலாம் என்பது திட்டம்.

1. பால்கனியில ஒரு பறவை விழுந்து கிடக்குதுங்க. என்ன செய்யணும்னு குரூப்ல கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டி எடுங்கள். செருப்பு வாங்கிய பெட்டி போதும். நாலைந்து ஓட்டை, அடியில் பழைய பருத்தித் துணி, உள்ளே பறவை, மேலே மூடி. மின்விசிறி ஓடாத, பூனை நுழையாத அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். இருட்டும் அமைதியும்தான் முதலுதவி. ஜன்னல் கண்ணாடியில் மோதி மயங்கிய பறவைகள் பல, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெட்டிக்குள்ளேயே தெளிந்து படபடக்கத் தொடங்கிவிடும். தத்தித் தத்தி ஓடுகிற குஞ்சு என்றால் பெட்டிகூட வேண்டாம், நேராக 4-ஆம் கேள்விக்குப் போங்கள்.

முதலில் பெட்டி, பிறகு குழு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழுவில் முதலில் 'அச்சச்சோ' வரும். பிறகு அழுகிற முகங்கள். பிறகு 'எந்த ஏரியா?'. பிறகு, உங்கள் பதிவைப் பார்க்காத ஒருவர் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் ஏழெட்டுப் பேர் உடனே சரியான பதில் சொல்வார்கள். பறவைக்கான பதில் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை அது சாப்பாட்டு மேசை மேல், எல்லோரும் சுற்றி நிற்க, உட்கார்ந்திருக்க வேண்டாம்.

2. போட்டோ போட்டா 'தெளிவா இல்ல'ங்கறாங்க. எப்படித்தான் எடுக்கறது?

பெட்டியை மூடும் முன் இரண்டே படம். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. அலகு, கால், இறக்கை மூன்றும் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்தால் அளவு புரியும். ஃபிளாஷ் வேண்டாம்.

எனக்கு வருகிற படங்கள் வேறு ரகம். மூன்றாம் மாடியிலிருந்து ஜூம் செய்து, நடுவில் சிவப்பு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ ஒன்று. அது வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ தவறவிட்ட கையுறை என்று தெரிவதற்குள் குழுவில் மூன்று பேர் அதற்கு இனப்பெயர் சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் குடும்பத்தோடு ஒரு செல்ஃபி. அதில் பறவையைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

எழுத்தில் ஊர், பேட்டை, எத்தனை மணிக்குக் கிடைத்தது, ரத்தம் உண்டா, நிற்கிறதா என்பதெல்லாம் இருக்கட்டும். இருந்தாலும் 'எந்த ஏரியா?' என்று கேட்பார்கள். கோபப்படாமல் மறுபடி சொல்லுங்கள்.

3. என்ன பறவைன்னு கேட்டேன். ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. யாரை நம்பறது?

எந்தக் குழுவிலும் ஒரு பெரியவர் இருப்பார். எந்தப் படத்தைப் போட்டாலும் 'கழுகுக் குஞ்சு' என்பார். மைனாவும் கழுகுக் குஞ்சு, சின்னானும் கழுகுக் குஞ்சு. சென்னை வானத்தில் வட்டமடிக்கிற கரும்பருந்தையே நாமெல்லாம் கழுகு என்றுதான் சொல்கிறோம், அதனால் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்னொருவர் லத்தீன் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போவார். மூன்றாமவர் 'காடை மாதிரி இருக்கு, வறுத்தா நல்லா இருக்கும்' என்பார். பக்கத்தில் சிரிப்புக் குறி போட்டிருப்பார். இருந்தாலும் அவருக்கு வீட்டு எண்ணைச் சொல்லாதீர்கள்.

உங்களிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறவரை நம்புங்கள். 'வாலுக்கு அடியில் சிவப்பா இருக்கா?', 'வாய் ஓரம் மஞ்சளா?' என்று கேட்கிறவருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. வாலடியில் சிவப்பு, தலையில் கறுப்பாகச் சின்னக் கொண்டை என்றால் சின்னான், முடிந்தது. மெர்லின் மாதிரியான செயலிகளும் வளர்ந்த பறவையின் படத்தைக் கொடுத்தால் நன்றாகவே சொல்லும். இறகு முளைக்காத குஞ்சைக் காட்டினால் செயலியும் திணறும், பெரியவர் மட்டும் திணற மாட்டார்.

4. குஞ்சுன்னு நினைக்கிறேன். உடம்பெல்லாம் இறகு இருக்கு, ஆனா பறக்கல. எடுத்து உள்ள வச்சுட்டேன். சரிதானே?

இல்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள். இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிற குஞ்சு கூட்டிலிருந்து விழுந்ததில்லை, தானாக வெளியே வந்தது. சின்னான், மைனா, தையல்சிட்டு எல்லாமே இப்படித்தான் பறக்கக் கற்கின்றன. முதல் சில நாட்கள் செடி, புதர், மதில் என்று சுற்றும். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து வாயில் பூச்சியோடு வந்து ஊட்டும். பூனை, நாய் திரிகிற இடமென்றால் பக்கத்துச் செடியின் கிளையில் ஏற்றி வையுங்கள், போதும். கோடையில் எனக்கு வருகிற 'மீட்பு' அழைப்புகளில் பெரும்பகுதி இந்த ரகம். பேச்சு வழக்கில் இதைக் குழந்தைக் கடத்தல் என்று சொல்லலாம்.

இறகே இல்லாமல் ரோஜா நிறத்தில் கண் மூடிக் கிடந்தால் விஷயம் வேறு. கூடு எங்கே என்று அண்ணாந்து பாருங்கள். எட்டினால் திரும்ப வையுங்கள். கூடு கலைந்திருந்தால் சின்னக் கூடை ஒன்றில் காய்ந்த புல் போட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். தாய் வருகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். வரவே இல்லை என்றால் 15-ஆம் கேள்வி.

5. மனுஷங்க கை பட்டா தாய்ப்பறவை சேர்த்துக்காதாமே?

சேர்த்துக்கொள்ளும். நம் வீட்டுப்பக்கம் வாழ்கிற பறவைகள் குஞ்சை மோப்பம் பிடித்து அடையாளம் காண்பதில்லை. கூட்டில் வாயைத் திறந்து கத்துகிற குஞ்சு அதற்குப் போதும்.

ஆனால் தாய் வராமல் போவதும் உண்மைதான். நீங்கள், உங்கள் மனைவி, காவலாளி, எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் என்று கூட்டுக்கு மூன்றடி தள்ளி நின்று 'தாய் வருதா பார்ப்போம்' என்று நேரலை போட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தாய் வரும்?

6. பசிக்கும், பாவம். என்ன கொடுக்கட்டும்?

குழுவில் மிக வேகமாகப் பதில் வருகிற கேள்வி இது. பால், ரொட்டி, மேரி பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து, குளுக்கோஸ், குழந்தைக்குக் கொடுக்கிற சத்துமாவு, அரிசி நொய், தயிர்சாதம். ஒருமுறை வெண்பொங்கல்கூட வந்தது, மிளகை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்போடு. பறவை மேல் இத்தனை அக்கறையா என்று மனம் நெகிழும். சிக்கல் என்னவென்றால், இது பறவையின் பட்டியல் இல்லை, அவரவர் வீட்டுச் சமையலறைப் பட்டியல்.

பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு இல்லை, அதனால் பால் கூடவே கூடாது. மற்றபடி இனத்துக்கு இனம் சாப்பாடு வேறு. தேன்சிட்டு தேன் குடிக்கும், ஆனால் குஞ்சுக்குப் பூச்சி ஊட்டும். சின்னானுக்குப் பழமும் பூச்சியும். மீன்கொத்திக்கு மீன், ஆந்தைக்கு எலி. புறா தன் கழுத்துப்பையில் சுரக்கிற ஒரு வகைப் பாலைத்தான் குஞ்சுக்கு முதலில் கொடுக்கும், அது எந்தக் கடையிலும் கிடைக்காது. சிபிச் சக்கரவர்த்தி பருந்துக்கு இறைச்சிதான் கொடுத்தார். தொடையை அறுக்க வேண்டி வந்தபோதும், தயிர்சாதம் சாப்பிடுமா என்று கேட்கவில்லை.

எனவே இன்ன பறவை என்று உறுதியாகும் வரை ஒன்றும் கொடுக்காதீர்கள். வளர்ந்த பறவை சில மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. அதிர்ச்சியில் இருக்கிற பறவைக்கு ஊட்டுவதுதான் ஆபத்து. இறகில்லாத குஞ்சு மட்டும் அடிக்கடி சாப்பிட வேண்டியது, அதனால் அதை உங்கள் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்காமல் சீக்கிரம் தெரிந்தவர் கையில் சேர்த்துவிடுங்கள். அதற்குக் கதகதப்பும் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தால் சரியாக இருக்கும். வளர்ந்த பறவைக்கு இது தேவையில்லை. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த மயிலிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

7. தண்ணியாவது நாலு சொட்டு வாயில விடலாம்ல? நாக்கு வறண்டு போயிருக்குமே.

கூடாது. பறவையின் மூச்சுக்குழாயின் வாய், நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து சிரிஞ்சால் விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். 'தண்ணி கொடுத்தேன், குடிச்சது, கொஞ்ச நேரத்துல தலை சாஞ்சிடுச்சு' என்று வருகிற சேதிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். தெளிந்து நிற்கிற வளர்ந்த பறவை என்றால் மட்டும், ஆழமில்லாத மூடி ஒன்றில் தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள். வேண்டுமானால் அது குடித்துக்கொள்ளும்.

8. ஏசி மாட்டுற இடத்துல ஏதோ வினோதப் பிராணி. மஞ்சள் முடி, பெரிய மூக்கு, வீங்கின கண்ணு. டைனோசரான்னு பசங்க கேக்கறாங்க.

புறாக் குஞ்சு. பலாச்சுளை நாரைப் பிய்த்து ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். ஊர் முழுக்கப் புறா இருந்தும் குஞ்சை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காரணம், அது ஏறக்குறைய ஒரு மாதம் கூட்டிலேயே இருந்துவிட்டு, பெரிய புறாவின் தோற்றம் வந்த பிறகே வெளியே வரும். அதனால்தான் இந்தப் படம் குழுவில் விழுந்தால் பிணந்தின்னிக் கழுகு, கிவி, நெருப்புக்கோழி என்று பதில்கள் கட்டுக்கடங்காமல் போகின்றன. 3-ஆம் பதிலில் சொன்ன பெரியவர் 'கழுகுக் குஞ்சு' என்பார். தாய் பக்கத்தில் இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம்.

9. ஒரு பறவையைச் சுத்தி காக்காக் கூட்டம் கத்திக் கொத்துது. காக்காவை விரட்டவா?

முதலில் நடுவில் இருப்பது யார் என்று பாருங்கள். பகலில் வெளியே மாட்டிக்கொண்ட ஆந்தை என்றால் காக்கைகள் விடாது, அந்தப் பகை பழையது. அப்போது துணியைப் போட்டுத் தூக்கிப் பெட்டியில் வைத்து, இருட்டிய பிறகு அதே இடத்தில் விட்டால் போதும். நடுவில் இருப்பது காக்கைக் குஞ்சாகவே இருந்தால், அது கொத்தல் இல்லை, காவல். நீங்கள் கிட்டே போனால் உங்கள் தலைதான் அடுத்தது. ஹெல்மெட் இல்லாமல் போகாதீர்கள்.

10. காக்காக் குஞ்சுன்னு எடுத்து வச்சேன். அது குயில் குஞ்சுன்னு ஒருத்தர் சொல்றார். அப்ப காக்காகிட்ட விடக்கூடாதா?

காக்கையிடம்தான் விட வேண்டும். குயில் கூடு கட்டாது. நம் ஊரில் பெரும்பாலும் வீட்டுக் காக்கையின் கூட்டில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். குயில் முட்டை காக்கை முட்டையைவிட முன்னதாகப் பொரியும். அதற்குப் பிறகு ஊட்டி வளர்க்கிற வேலை முழுக்கக் காக்கைக்குத்தான். கூட்டைவிட்டு இறங்கிய குயில் குஞ்சின் பின்னால் இரண்டு காக்கைகள் சாப்பாடு சுமந்துகொண்டு அலைவதைக் கோடையில் எந்த வேப்பமரத்தடியிலும் பார்க்கலாம்.

இந்த உண்மையைக் குழுவில் சொன்னால் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். உடனே அது குயிலா, மோசடியா என்று விவாதம் கிளம்பும். உழைப்புச் சுரண்டல் என்பார் ஒருவர், தத்தெடுப்பு என்பார் இன்னொருவர். அதிலிருந்து வளர்ப்பு, அதிலிருந்து பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுவது, அதிலிருந்து நேராக இரண்டாம் தளத்து மருமகள். குஞ்சு அதற்குள் பசியாறிப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும்.

11. வெள்ளை மூஞ்சி, இதய வடிவத்துல. பெட்டியைத் திறந்தா பாம்பு மாதிரி சீறுது. பயமா இருக்கு.

கூகை, ஆந்தையில் ஒரு வகை. பயந்து சீறுகிறது, உங்களைப் போலவே அதற்கும் அந்த இரவு சரியில்லை. 2017-இல் விசாகப்பட்டினத்தில் கட்டுமான இடத்தில் எடுத்த கூகைக் குஞ்சுகளின் காணொளி வேற்றுக்கிரகவாசிகள் என்ற தலைப்போடு உலகம் சுற்றியது. நிமிர்ந்து நின்று கண் கொட்டாமல் பார்க்கும் அந்தக் குஞ்சுகளைப் பார்த்தால் நம்பியவர்களைத் திட்ட மனம் வராது. ஒரே கூட்டில் குஞ்சுகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக இருந்தாலும் குழம்ப வேண்டாம். முட்டைகள் நாள் இடைவெளி விட்டுப் பொரிவதால் அப்படி.

குழுவில் இது இரண்டு கட்சியாகப் பிரியும். லட்சுமியின் வாகனம், வீட்டுக்குப் பணம் வரப்போகிறது என்பது ஒன்று. வீட்டில் சாவு விழும், பரிகாரம் செய்யுங்கள் என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். வரப்போவது என்னவோ எலித் தொல்லை குறைவதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆந்தையைப் பில்லி சூனியத்துக்கு விலை பேசுகிற கூட்டம் நாட்டில் உண்டு, தீபாவளியை ஒட்டி அதற்குக் கிராக்கி அதிகம். படத்தோடு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள்.

12. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள், எல்லாக் கலரும் இருக்கு. யாரோ வளர்த்த ஃபாரின் பறவையா?

அக்டோபர், நவம்பரா? வால் குட்டையா? கண் மேல் கறுப்புப் பட்டையா? அப்படியென்றால் ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து வந்து, களைத்துப்போய் விடிகாலையில் நம் மொட்டை மாடியிலும் கண்ணாடிக் கட்டடத்தின் அடியிலும் விழுந்து கிடக்கும். மழைக்காலம் தொடங்கியதும் சென்னைக் குழுக்களில் ஆண்டுதோறும் வருகிற படம்.

ஃபாரின் இல்லை, ஆனால் வெகுதூரத்து விருந்தாளி. கூண்டும் வேண்டாம், தினையும் வேண்டாம் (இது புழு பூச்சி தின்பது). 1-ஆம் பதிலில் சொன்ன பெட்டி, சில மணி நேர ஓய்வு. காயமில்லை, நிமிர்ந்து நிற்கிறது என்றால் வெளிச்சம் மங்கும் முன் மரமும் சருகும் அடர்ந்த அமைதியான தோட்டத்தில் விடுங்கள். விடும்போது பாட்டுப் போட்டுக் காணொளி எடுக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. சத்தத்தையாவது குறைத்து வையுங்கள்.

13. கிளி ஒண்ணு தானா வந்து உக்காந்துச்சு. வளர்க்கலாம்ல? எங்க தாத்தா வீட்ல இருந்துச்சே.

கழுத்தில் வளையம் போட்ட பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே. தாத்தா வீட்டில் இருந்தது, ஜோசியக்காரர் கையில் இருக்கிறது என்பதெல்லாம் வாதம் ஆகாது. காயம் என்றால் வனத்துறை, காயமில்லை என்றால் ஆகாயம்.

சின்னதாக, மஞ்சளோ நீலமோ வரி வரியாக இருந்தால் அது நாம் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லும் பட்ஜரிகர். கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டும் இருந்தால் காக்கட்டீல். இரண்டுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியா. வெளியே விட்டால் பிழைக்காது, வளர்த்தவரைத் தேட வேண்டும். இங்கே ஒரு தந்திரம். பதிவில் முழு விவரமும் போடாதீர்கள். கால் வளையத்தின் நிறத்தையோ உடைந்த நகத்தையோ மறைத்து வையுங்கள். 'ஐயோ என் கிளி' என்று வருகிறவர்களிடம் அதைக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். மரியாதை ராமன் இன்று இருந்தால் இதைத்தான் செய்திருப்பார்.

14. புறா கால்ல வளையம், அதுல ஏதோ எழுத்து, நம்பர். போலீசுக்குச் சொல்லணுமா?

பந்தயப் புறா. சென்னையில் இதற்கென்று சங்கங்களும் பந்தயங்களும் உண்டு. தொலைதூரத்தில் திறந்துவிட்ட புறா வீடு திரும்பும் வழியில் களைத்து இறங்கியிருக்கும். இதற்கு மட்டும் 6-ஆம் பதிலில் விலக்கு: கம்பு, சோளம், தண்ணீர் வைக்கலாம். ஒன்றிரண்டு நாளில் கிளம்பிவிடும். வளையத்து எண்ணைப் படமெடுத்துப் புறா வளர்ப்பவர்கள் யாருக்காவது அனுப்பினால் உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

'உளவுப் புறா' என்று குழுவில் ஒருவராவது சொல்வார். சிரிக்கவும் முடியாது, ஏனென்றால் 2023 மே மாதம் மும்பையில் சீன எழுத்து மாதிரி ஏதோ இருக்கிறதென்று பிடிபட்ட புறா ஒன்று எட்டு மாதம் காவலில் இருந்துவிட்டு, 2024 ஜனவரியில்தான் விடுதலையானது. அது தைவான் பந்தயப் புறா.

புறா அல்லாத காட்டுப் பறவையின் காலில் வளையம் இருந்து, அதில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது ஆய்வு வளையம். 1883-இல் தொடங்கிய அந்தக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. எண்ணை அவர்களுக்குத் தெரிவியுங்கள். கழற்ற மட்டும் வேண்டாம், அது மோதிரமில்லை.

15. யாரைக் கூப்பிடணும்னு கேட்டா எல்லாரும் 'ப்ளூ கிராஸ்'னு மட்டும் சொல்லிட்டுப் போயிடறாங்க. வேற யாரும் இல்லையா?

1959-இல் தொடங்கிய விலங்குநல அமைப்பு, சென்னை கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கிறது, பெயர் எல்லோர் வாயிலும் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் நீங்கள் தென்காசியில் இருந்து கேட்டாலும் அதையே சொல்வார்கள். எந்த மாவட்டமானாலும் வனச்சரக அலுவலகம் உண்டு. காட்டுப் பறவை என்றால் முதல் அழைப்பு அங்கே. சிகிச்சைக்கு அரசு கால்நடை மருத்துவமனை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உயரத்தில், மரத்தில், கம்பியில் மாட்டிக்கொண்டது என்றால் தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கித் தருவதுண்டு. 1962 என்ற எண்ணைச் சிலர் சொல்வார்கள். அது ஆடு, மாடு வைத்திருப்பவர்களுக்கான நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி. தேன்சிட்டைக் காட்டினால் மருத்துவர் உங்களைத்தான் பரிசோதிப்பார்.

குழுவில் பகிர்கிற எண்களில் பாதி என்றோ மாறிப்போனவை. அதனால் பறவை கிடைத்த பிறகு தேடாமல் இன்றைக்கே உங்கள் பகுதி எண்ணைச் சேமித்து வையுங்கள். எப்படியும் கோடை வரும்.

16. மாஞ்சா நூல்ல மாட்டின பருந்து. நூலை உருவிட்டுப் பறக்கவிட்டா போதுமா?

உருவாதீர்கள். தொங்குகிற நூலை இருபக்கமும் வெட்டுங்கள், சதைக்குள் பதிந்ததை மருத்துவர் எடுக்கட்டும். வெளியே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே தசைநார் அறுந்திருக்கலாம். அப்படியே விட்டால் மறுநாள் அடுத்த தெருக் குழுவில் அதே பருந்தின் படம் வரும். தலையை ஒரு துண்டால் மூடினால் அடங்கும். அலகைப் பார்த்துப் பயப்படாமல் கால் நகத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். இந்த நூலுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. நூல் எந்த மாடியிலிருந்து வந்தது என்ற ஆராய்ச்சியை மட்டும் குழுவில் தொடங்காதீர்கள், அது சங்கத் தேர்தல்வரை போகும்.

17. ஒருத்தர் தனியா மெசேஜ் பண்ணி 'நான் ரெஸ்க்யூவர், வந்து எடுத்துக்கறேன்'னு சொல்றார். கொடுத்துடலாமா?

நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் தூக்கமிழந்துதான் பல பறவைகள் பிழைக்கின்றன. ஆனால் அவர்கள் பொதுவிலேயே பேசுவார்கள். எந்த மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள், வனத்துறைக்குச் சொன்னார்களா என்று கேட்டால் கோபப்பட மாட்டார்கள். 'ஜோடியா இருக்கா?', 'பேசுமா?', 'எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?' என்று கேட்கிறவர் மீட்பவர் இல்லை. ஆந்தை, கிளி, மைனா என்றால் இன்னும் கவனம் (11, 13-ஆம் பதில்கள்).

18. பொண்ணு 'அப்பு'ன்னு பேர் வச்சிட்டா. தோள்ல வந்து உக்காருது. இப்ப விடச் சொன்னா எப்படி?

பெயர் வைக்கும் முன் வந்திருக்க வேண்டிய கேள்வி. குஞ்சிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்த பறவைக்கு எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாது. தோளில் உட்காருவது உங்களுக்குப் பாசம், நாளைக்குப் பூனைக்கு வசதி. சட்டம் என்ன சொல்கிறது என்பது 13-ஆம் பதிலில் இருக்கிறது. அது கிளிக்கு மட்டுமில்லை, மைனாவுக்கும் பொருந்தும்.

திடீரென்று ஜன்னலைத் திறந்து விடுவதும் தவறு. தானாக இரை தேடவும் தன் இனத்தோடு சேரவும் பழக்கி, பெரிய கூண்டில் பறக்கவைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வனத்துறை மூலம் அவர்களிடம் சேர்ப்பதே வழி. மகளிடம் நீங்கள்தான் பேச வேண்டும். குழுவில் 'குழந்தை மனசு ஒடஞ்சிடும், வச்சுக்கோங்க' என்று நாற்பது இதயக் குறிகள் விழும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

19. செத்துப்போச்சுங்க. எல்லாரும் கேக்கறாங்க, என்ன சொல்றது?

நடந்ததைச் சொல்லுங்கள். மனிதர் கைக்கு எட்டுகிற அளவுக்கு ஒரு காட்டுப் பறவை வந்துவிட்டதென்றால் அது ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்தது என்றுதான் பொருள். பல பிழைப்பதில்லை. 'நான் சொன்ன மஞ்சள் தண்ணியைக் கொடுத்திருந்தா...' என்று ஒருவர் வருவார், பதில் சொல்ல வேண்டாம்.

வெறும் கையால் தொடாமல் உறை மாட்டி ஆழமாகப் புதையுங்கள். ஒரே பகுதியில் காக்கைகளோ வேறு பறவைகளோ கும்பலாகச் செத்துக்கிடந்தால் புதைக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் குழுவின் கருத்தைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

20. நல்லாப் பறந்து போயிடுச்சு! குரூப்ல ஏதாவது போடணுமா?

ஒரு வரி போடுங்கள். என்ன பறவை, என்ன செய்தீர்கள், எங்கே விட்டீர்கள் என்று. அடுத்த முறை இன்னொருவர் தேடும்போது கிடைக்கட்டும். நூறு கைதட்டல் வரும். வெண்பொங்கல் சொன்னவர் தன்னால்தான் பிழைத்தது என்று நம்புவார், நம்பட்டும். பெரியவர் 'கழுகு நல்லா இருக்கணும்' என்று வாழ்த்துவார்.

அப்புறம், முதல் பதிவில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தால் மறக்காமல் நீக்கிவிடுங்கள். படம் எங்கெங்கோ பகிரப்பட்டு, அடுத்த வருடம் ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு யாரோ கூப்பிட்டு, 'சார், அந்தக் கிளி இன்னும் இருக்கா? கடைசி விலை சொல்லுங்க' என்பார்கள்.